விவரம் இங்கே, அதிகாரம் எங்கே?

பல தேசங்களில் வியாபாரம் நடத்தும் பெருங் கம்பெனிகள் தங்கள் காரியாலயங்களை ஒன்றோடொன்று எவ்வாறு இணைத்துக் கொள்கின்றன என்னும் விஷயம் எஞ்சினீயர்களுக்கும் கணக்கர்களுக்குமே உரியதென்று நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணி வந்திருக்கின்றனர். ராஜீய விஷயங்களில் சிரத்தையுள்ளவர்களும் இதைப்பற்றி யோசித்ததில்லை. ஆனால் 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் நமது தேசத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்திற்குப் பிறகு இந்த அசிரத்தைக்கு இடமில்லை. குஜராத் மாகாணத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையொன்றை நடத்தும் கம்பெனி, தன் சிப்பந்திகளின் கடிதப் போக்குவரத்துக்கும் வகையற்றுச் சில தினங்கள் திகைத்து நின்றது. ஆலையில் பழுதில்லை, கம்பி அறுபடவில்லை, நமது சர்க்கார் எவ்விதத் தடையும் விதிக்கவில்லை. பின் தடுத்தது யார்? எந்த அதிகாரத்தைக் கொண்டு? இக்கேள்விகளுக்கு விடை காண்பதே நமது நோக்கம்.

இவ்விஷயத்தின் தன்மையை அறியப் புதுவைவாசிகள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பிரெஞ்சிந்தியா என்று வழங்கியது ஒரே நிலப்பரப்பாக இருந்ததன்று. சோழமண்டலக் கரையில் புதுச்சேரியும் காரைக்காலும், மலையாளக் கரையில் மாஹியும், கோதாவரிப் பக்கத்தில் ஏனாமும், வங்காளத்தில் சந்திரநாகூருமாக ஐந்து துண்டுகள். புதுவைக்குள்ளேயும் நிலம் தொடர்ச்சியாக இருக்கவில்லை. பாகூர் முதலிய கொம்யூன்களுக்கும் பட்டணத்துக்கும் இடையே ஆங்கில இந்தியாவின் கிராமங்கள் புகுந்து கிடந்தன. ஆகையால் ஒரு துண்டிலிருந்து மற்றொரு துண்டுக்குப் போகும் கடிதமும் சரக்கும் மனிதரும் அயல் ஆட்சியின் மண்ணைக் கடந்தே போக வேண்டியிருந்தது. 1941-ல் ஏற்பட்ட சுங்க ஒப்பந்தம் இத்தொல்லையைக் குறைத்தது. 1949-ல் அது முடிவுற்றதும் சுங்கச் சாவடிகள் மறுபடி முளைத்தன. ஒரே எஜமானனுக்கு உட்பட்ட காரியாலயங்கள், நடுவில் பிறனுடைய வழி: இந்நிலையே இன்று பன்னாட்டுக் கம்பெனிகளின் நிலை.

மற்றோர் உதாரணமும் புதுவையிலேயே உண்டு. பாரதியார் நடத்திய ‘இந்தியா’ பத்திரிகை சென்னையில் அடக்குமுறைக்கு உட்பட்டபின் 1908-ல் புதுவைக்கு வந்தது. அச்சுக்கூடம் பிரெஞ்சுக் கொடியின் கீழ் பத்திரமாக இருந்தது. ஆங்கில சர்க்கார் அதைத் தொட முடியவில்லை. ஆனால் அதன் வாசகர்களோ எல்லைக்கு அப்பால் சென்னை மாகாணமெங்கும் இருந்தனர். ஆங்கில சர்க்கார் செய்ததென்ன? பத்திரிகை தங்கள் எல்லைக்குள் வராதபடி தடுத்தார்கள். 1910-ல் பத்திரிகை நின்று போயிற்று. எழுத்தும் எந்திரமும் நம் கையில் பத்திரமாக இருப்பினும் வழி பிறன் கையிலிருந்தால் காரியம் கெட்டுப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, இன்றைய ஏற்பாட்டைச் சிறிது விளக்குவோம். ‘கிளவுட்’ அல்லது மேகக் கணினி என்று சொல்லப்படுவது, பிறர் கட்டிவைத்த பெரிய கணினிக் கிடங்குகளில் வாடகைக்கு இடமும் வேலையும் பெறுவதாகும். கம்பெனி தன் கணக்கு, சம்பளப் பட்டி, வாடிக்கைக்காரர் விவரம், கடிதம் யாவற்றையும் அங்கே வைக்கிறது. அமேஸான், மைக்ரோஸாப்ட், கூகிள் ஆகிய மூன்று அமெரிக்கக் கம்பெனிகளும், சீனாவின் அலிபாபாவும் இத்தொழிலில் முன்னிற்கின்றன. நமது தேசத்திலும் இக்கிடங்குகள் பல ஏற்பட்டிருக்கின்றன. மைக்ரோஸாப்ட் 2015-ல் சென்னை, புனா, பம்பாய் ஆகிய இடங்களிலும், அமேஸான் 2016-ல் பம்பாயிலும், 2022-ல் ஹைதராபாத்திலும் இவற்றைத் திறந்தன. பாரீஸிலும் ஷாங்காயிலும் சென்னையிலும் கிளைகளுள்ள கம்பெனி, இக்கிடங்குகளைத் தன் கிளைகளோடு இணைக்க மூன்று வழிகள் உண்டு. பொது இணையத்தின் மேலேயே மறைகுறியால் மூடிய தனிச் சுரங்கம்போன்ற வழி அமைப்பது ஒன்று, அதனையே வி.பி.என். என்பர். தந்தி டெலிபோன் கம்பெனிகளிடம் தனிக் கம்பியைக் குத்தகைக்கு எடுப்பது இரண்டாவது. கிடங்குக் கம்பெனியின் சொந்தக் கடலடிக் கம்பிகளிலேயே தன் போக்குவரத்தை ஒப்புவிப்பது மூன்றாவது. மூன்றிலும் செலவு வேறு, வேகம் வேறு, எந்த ராஜ்யத்தின் சட்டம் எங்கே குறுக்கிடும் என்பதும் வேறு.

கடுமையான சட்டமுள்ள தேசத்தில் இவ்விணைப்பு எவ்வாறு நடைபெறுகிறதென்பதற்குச் சீனாவே தலைசிறந்த உதாரணம். அங்கே தேசத்தின் எல்லையைக் கடக்கும் கம்பியை மூன்று சர்க்கார் சார்புக் கம்பெனிகளே, அதாவது சைனா டெலிகாம், சைனா யூனிகாம், சைனா மொபைல் ஆகியவையே நடத்துகின்றன. 2017 ஜனவரியில் சீனத் தொழில் இலாகா பிறப்பித்த அறிவிப்பின்படி, அனுமதியின்றி எல்லை கடக்கும் வி.பி.என். நடத்துவது கூடாது. பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் சொந்தக் காரியாலய உபயோகத்திற்கு மட்டும் அம்மூன்று கம்பெனிகளிடமிருந்து தனிக் கம்பியைக் குத்தகைக்குப் பெறலாம். அதே வருஷம் ஜூன் 1-ந் தேதி அமுலுக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், முக்கியத் துறைகளை நடத்துவோர் சேகரிக்கும் விவரங்களைச் சீனாவிலேயே வைக்க வேண்டுமென்று விதித்தது. 2021-ல் மேலும் இரண்டு சட்டங்கள் வந்தன.

அயல் நாட்டுக் கிடங்குக் கம்பெனிகளும் அங்கே தம் பெயரில் தொழில் நடத்த முடியவில்லை. அமேஸானின் பீக்கிங் கிடங்கைச் சின்னெட் என்ற சீனக் கம்பெனியும், நிங்ஷியாவிலுள்ளதை மற்றொரு சீனக் கம்பெனியும் நடத்துகின்றன. மைக்ரோஸாப்டின் தொழிலை 2014 முதல் 21வயாநெட் நடத்தி வருகிறது. ஆப்பிள் கம்பெனி 2018 பெப்ரவரியில் தன் சீன வாடிக்கைக்காரரின் விவரங்களைக் குவெய்சோ மாகாணத்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. உலகின் மற்ற இடங்களில் செல்லும் அமேஸான் கணக்கு சீனக் கிடங்குகளில் செல்லாது. அங்கே தனிக் கணக்கு, தனி ஒப்பந்தம், தனி உரிமம். ஆகவே ஒரு ஜெர்மன் கம்பெனி தன் ஷாங்காய்க் கிளையைத் தலைமைக் காரியாலயத்தோடு இணைக்க விரும்பினால், சீன மண்ணில் ஒரு வலையும் வெளியே மற்றொரு வலையும் அமைத்து, இரண்டுக்கும் நடுவே அனுமதி பெற்ற ஒரே வாசலை வைக்கிறது. அலிபாபா முதலிய சீனக் கம்பெனிகள் இந்த வாசலையே தயாராக அமைத்து வாடகைக்கு விடுகின்றன.

இம்முறையால் சீனா அடைந்த லாபம் யாது? சாவடி அதன் கையில் இருக்கிறது. அயலார் எவரும் அதன் உள்நாட்டுக் கிடங்கை ஒரு கடிதத்தால் மூடிவிட முடியாது. சுதேசக் கம்பெனிகளும் இந்நிழலில் வளர்ந்தன. நஷ்டம் யாது? எல்லை கடக்கும் போக்குவரத்து அதிக விலையுடையதாயிற்று. சிறு வியாபாரிகளுக்கு எட்டாததாயிற்று. அயலாரைத் தடுக்கும் அதே சாவடி சீனப் பிரஜைகளின் வாயையும் காதையும் அடைத்தது. இம்முறையின் பாரத்தைச் சீன சர்க்காரே உணர்ந்ததாகத் தோன்றுகிறது. 2024 மார்ச் 22-ந் தேதி வெளியிட்ட விதிகளில், ஒரு வருஷத்தில் ஒரு லட்சத்துக்குக் குறைந்த மனிதரின் சாதாரண விவரங்களை வெளியே அனுப்பும் கம்பெனிகளுக்குப் பரீட்சையும் பத்திரமும் வேண்டாமென்று தளர்த்திவிட்டது. இறுகக் கட்டியவர்களே கட்டைச் சிறிது அவிழ்க்கும்போது, அதை அப்படியே நாம் கட்டிக் கொள்வது விவேகமாகாது.

நமது தேசத்தின் வழி வேறு. கம்பி விஷயத்தில் சர்க்காரின் அதிகாரம் நமக்குப் புதியதன்று. 1885-ம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டம் அத்தொழிலை நடத்தும் உரிமையைச் சர்க்காருக்கே தனிச் சொத்தாக்கிற்று. அந்நிய ஆட்சி தன் சௌகரியத்துக்காகச் செய்த அச்சட்டம், சுதந்திரம் பெற்று எழுபத்தைந்து வருஷங்களுக்குப் பின்னரே, 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்திற்கு இடம் விட்டது. விவரங்களைப் பற்றிய முதல் கடுமையான கட்டளையை ரிசர்வ் பாங்கு 2018 ஏப்ரல் 6-ந் தேதி பிறப்பித்தது. பணப் பட்டுவாடா நடத்துவோர் யாவரும் அதன் முழு விவரத்தையும் இந்தியாவிலேயே வைக்க வேண்டும். அதற்கு ஆறு மாதத் தவணை என்பதே அக்கட்டளை. அந்நியக் கம்பெனிகள் முணுமுணுத்தன, தவணை கேட்டன. ரிசர்வ் பாங்கு அசையவில்லை. 2021-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப், மாஸ்டர்கார்டு ஆகிய மூன்றும் புதிய வாடிக்கைக்காரரைச் சேர்க்கக் கூடாதென்று தடை விதித்தது. அவை கட்டளைக்கு இணங்கியபின், 2021 நவம்பரிலிருந்து 2022 ஆகஸ்டுக்குள் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. பலமுள்ள கம்பெனியும் தெளிவான விதிக்குக் கீழ்ப்படியும் என்பதற்கு இது சான்று.

மற்றொரு கட்டளையின் சரித்திரம் இத்தனை நேர்த்தியாக இல்லை. 2022 ஏப்ரல் 28-ந் தேதி மத்திய சர்க்காரின் கணினிப் பாதுகாப்பு ஸ்தாபனம், வி.பி.என். நடத்துவோரும் கிடங்கு நடத்துவோரும் வாடிக்கைக்காரரின் பெயர், விலாசம் முதலியவற்றை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டுமென்றும், கணினித் தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்றும் விதித்தது. பொதுஜனங்களுக்கு வி.பி.என். விற்கும் அந்நியக் கம்பெனிகள் சில தம் எந்திரங்களை இந்தியாவிலிருந்து அப்புறப்படுத்திக் கொண்டு, வெளியிலிருந்தே தொழிலைத் தொடர்ந்தன. கம்பெனிகளின் உட்காரியாலய வி.பி.என்.களுக்கு இவ்விதி இல்லையென்று சர்க்கார் பின்னர் விளக்கம் கூற வேண்டி வந்தது. விதியை வெளியிடும்போதே அவ்விளக்கத்தையும் சேர்த்திருந்தால் மாதக்கணக்கான குழப்பம் மிஞ்சியிருக்கும். 2023 ஆகஸ்டில் நிறைவேறிய தனிமனித விவரப் பாதுகாப்புச் சட்டமோ வேறொரு முறையைக் கைக்கொண்டது. சர்க்கார் அறிவிப்பின் மூலம் தடுக்கும் தேசங்களைத் தவிர மற்றவற்றுக்கு விவரம் போகலாம் என்பது அதன் கருத்து. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

ஆக, நமது சட்டங்களின் நாட்டமெல்லாம் ‘விவரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது’ என்னும் ஒரே கேள்வியின் மேல் நிற்கிறது. இக்கேள்வி அவசியமானதுதான். ஆனால் இது போதாது என்பதையே முதலிற் குறிப்பிட்ட குஜராத் சம்பவம் காட்டுகிறது.

நயாரா எனர்ஜி என்ற கம்பெனி வாடினாரில் வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை நடத்துகிறது. இந்தியா முழுவதும் 6,500-க்கு மேற்பட்ட பெட்ரோல் பங்குகள் அதன் பெயரில் நடக்கின்றன. அதன் பங்குகளில் 49 சதவிகிதத்துக்குச் சற்று அதிகம் ரஷ்ய சர்க்கார் சார்புக் கம்பெனியான ராஸ்நெப்டிடம் உள்ளது. உக்ரெயின் யுத்தத்தை முன்னிட்டு ஐரோப்பிய யூனியன் 2025 ஜூலை 18-ந் தேதி விதித்த தடைகளில் நயாராவையும் சேர்த்தது. ஒருதலைப்பட்சமான தடைகளை இந்தியா ஏற்பதில்லையென்று நமது வெளிநாட்டு இலாகா அன்றே தெரிவித்தது. எனினும் சில தினங்களுக்குள் மைக்ரோஸாப்ட் கம்பெனி நயாராவுக்கு அளித்து வந்த கடிதச் சேவை முதலியவற்றை நிறுத்திவிட்டது. பணம் செலுத்திப் பெற்ற உரிமங்கள் கையிலிருக்க, தன்னுடைய விவரங்களையே தான் பார்க்க முடியவில்லையென்று நயாரா டில்லி ஹைக்கோர்ட்டில் முறையிட்டது. ஜூலை மாதம் முடியுமுன் சேவை திரும்பி வந்தது.

சேவை திரும்பிவிட்டபடியால் விஷயம் தீர்ந்ததென்று எண்ணுவோர் இருக்கக்கூடும். தீர்ந்தது வழக்கு, கேள்வி தீரவில்லை. உக்ரெயின் யுத்தத்தில் நியாயம் எப்பக்கம் என்பது இங்கே பிரஸ்தாபமன்று. ராஸ்நெப்டின் பங்கு விரும்பத்தக்கதா என்பதும் வேறு விவாதம். இந்திய மண்ணில் இந்தியச் சட்டப்படி நடக்கும் கம்பெனியின் வேலையை, இந்தியா அங்கீகரிக்காத ஒரு கட்டளையை முன்னிட்டு, முன்னறிவிப்பின்றி நிறுத்த முடிந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இன்று கடிதம் நின்றது. நாளை துறைமுகத்தின் சரக்குப் பட்டியோ, மின்சார நிலையத்தின் கணக்கோ, ஆஸ்பத்திரியில் நோயாளியின் குறிப்போ நின்றால், ஹைக்கோர்ட்டுக்குப் போய்த் திரும்பும் வரை காத்திருக்க யாரால் முடியும்?

கம்பியை உடையவன் உலகத்தின் கழுத்தைப் பிடித்தவன் என்பது புதிய உண்மையன்று. 1870, 1871-ம் வருஷங்களில் பம்பாயிலிருந்து ஏடனுக்கும், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பிகள் போடப்பட்டன. அக்காலத்தில் அது வியாபார சௌகரியமென்றே கருதப்பட்டது. 1914 ஆகஸ்டு 5-ந் தேதி விடியற்காலையில், யுத்தம் அறிவித்த சில மணி நேரத்துக்குள், பிரிட்டிஷ் கப்பலொன்று ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை அறுத்தது. அதன்பின் ஜெர்மனியின் செய்திகள் பிறருடைய கம்பிகளைக் கடந்தே போக வேண்டியிருந்தன. அவற்றைப் பிரிட்டன் வழியில் மறித்துப் படித்தது. இன்று கத்தியும் கப்பலும் வேண்டியதில்லை. வாடிக்கைக்காரர் கணக்கை ஒரு சொல்லால் முடக்கினால் போதும்.

அறுப்பது ஒரு வகை. பார்ப்பது மற்றொரு வகை. டப்ளினில் வைக்கப்பட்டிருந்த கடிதங்களை அமெரிக்கப் போலீஸார் கேட்டபோது மைக்ரோஸாப்ட் கம்பெனியே 2013 முதல் பல வருஷங்கள் கோர்ட்டில் எதிர்த்து வழக்காடிற்று. 2018 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் செய்த சட்டம் அவ்வழக்கையே பயனற்றதாக்கிவிட்டது. விவரம் உலகில் எங்கே இருந்தாலும், அதை வைத்திருப்பது அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனியானால், முறைப்படி பிறந்த உத்தரவுக்கு அது பணிய வேண்டும் என்பதே அச்சட்டம். 2025 ஜூனில் பிரெஞ்சு செனட் சபையின் விசாரணையில், பிரெஞ்சுப் பிரஜைகளின் விவரங்கள் பிரெஞ்சு அதிகாரிகளின் சம்மதமின்றி அமெரிக்க சர்க்காருக்குப் போகாதென்று உறுதி கூற முடியுமா என்று மைக்ரோஸாப்டின் பிரெஞ்சுக் கிளைச் சட்ட அதிகாரியைக் கேட்டார்கள். பிரமாணம் செய்து சாட்சியம் அளித்த அவர், அத்தகைய உறுதி கூற முடியாதென்று ஒப்புக் கொண்டார். பிரெஞ்சுப் பிரஜைகள் பலர் இன்றும் புதுவையில் வசிக்கிறபடியால், இச்சாட்சியம் நமக்குத் தூரத்துச் செய்தியன்று.

பிரான்ஸ் தேசத்தார் இதற்கு ஒரு பரிகாரம் தேடி வருகின்றனர். அமெரிக்கக் கம்பெனிகளின் நுட்பத்தை உபயோகித்துக் கொண்டு, உரிமையையும் நிர்வாகத்தையும் பிரெஞ்சுக் கைகளில் வைக்கும் புதிய கம்பெனிகளை அமைத்திருக்கிறார்கள். மைக்ரோஸாப்டின் நுட்பத்தோடு ஆரஞ்சும் காப்ஜெமினியும் சேர்ந்து ‘ப்ளூ’ என்ற கம்பெனியையும், கூகிளின் நுட்பத்தோடு தாலேஸ் ‘எஸ்த்ரான்ஸ்’ என்ற கம்பெனியையும் நிறுவின. நமது தேசத்திலும் முயற்சி இல்லாமலில்லை. மத்திய சர்க்கார் 2014-ல் ‘மேகராஜ்’ என்ற தன் சொந்தக் கிடங்கைத் திறந்தது. சென்னையில் தலைமையிடம் கொண்ட ஸோஹோ கம்பெனியின் ஏற்பாட்டுக்கு மத்திய சர்க்கார் ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் கடிதப் போக்குவரத்து மாற்றப்பட்டிருப்பதாக 2025-ல் செய்தி வெளியாயிற்று. தமிழர் கட்டிய கம்பெனியொன்று இப்பாரத்தைத் தாங்குவது நமக்குப் பெருமையே. ஆயினும் சுதேசிக் கம்பெனியும் ஒரு கம்பெனியே; அந்நியரிடம் கேட்கும் கேள்விகளை அதனிடமும் தவறாது கேட்க வேண்டும்.

நிற்க, ‘அப்படியானால் சீனாவைப்போல் நாமும் ஒரே வாசலை வைத்துப் பூட்டிவிடுவோமே’ என்று சில நண்பர்கள் ஆத்திரத்துடன் கூறக்கூடும். நாம் அதற்கு உடன்பட மாட்டோம். நமது தேசத்து வாலிபர் லட்சக்கணக்கானோர் அயல் நாட்டுக் காரியாலயங்களின் வேலையை இங்கிருந்தே செய்து பிழைக்கின்றனர். புதுவையிலேயே ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பாளர்களுக்குப் புஸ்தகங்களைத் தயாரித்துக் கொடுக்கும் தொழில் பல வருஷங்களாக நடந்து வருகிறது. ஆசிரியர் கையெழுத்துப் பிரதி அங்கிருந்து வருகிறது. திருத்திய பக்கங்கள் இங்கிருந்து போகின்றன. இரு வழியிலும் கம்பி திறந்திருந்தால்தான் மாதச் சம்பளம். 2018 மே 25 முதல் அமுலிலுள்ள ஐரோப்பியச் சட்டம், விவரப் பாதுகாப்பில் தமக்கு நிகரென்று ஏற்ற தேசங்களுக்கே தடையின்றி அனுப்ப இடம் தருகிறது. அவ்வங்கீகாரத்தை இந்தியா பெறாதபடியால், இங்குள்ள கம்பெனிகள் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் தனி ஷரத்துகளில் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. நாம் நமது வாசலைக் காரணமின்றி அடைத்தால், அவர்களும் அடைக்கத் தயங்க மாட்டார்கள். அடைத்த வாசலுக்கு முன் முதலில் பட்டினி கிடப்பவர் சிறு தொழிலாளரே.

ஆகையால் நமது அபிப்பிராயத்தில், வாசலைப் பூட்டுவதற்குப் பதிலாக அதிகாரத்தை வரையறுப்பதே சரியான மார்க்கம். பெட்ரோலியம், மின்சாரம், பாங்கு, துறைமுகம், ஆஸ்பத்திரி ஆகிய அத்தியாவசியத் துறைகளுக்கு மட்டும் நான்கு நிபந்தனைகளைச் சர்க்கார் சட்டமாக்க வேண்டும். முதலாவது, விவரத்தை மூடும் மறைகுறியின் சாவி, கிடங்குக் கம்பெனியிடம் இராமல் விவரத்துக்கு உரிய இந்திய ஸ்தாபனத்திடமே இருக்க வேண்டும். அயல் சர்க்கார் கேட்டாலும், சாவியில்லாத பெட்டியைத்தான் கிடங்குக்காரர் நீட்ட முடியும். இரண்டாவது, அயல் ராஜ்யத்தின் கட்டளையை முன்னிட்டுச் சேவையை நிறுத்துவதாயின் 90 தினங்களுக்குக் குறையாத முன்னறிவிப்புத் தர வேண்டும். தகராறை விசாரிப்பது இந்திய நியாயஸ்தலமாக இருக்க வேண்டும். மூன்றாவது, ஒரு கம்பெனி நின்றால் மறுநாளே வேறிடத்தில் வேலை தொடங்கும்படி மாற்று ஏற்பாடும் விவரத்தின் பிரதியும் தயாராயிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை அதை நடத்திப் பார்க்கவும் வேண்டும். நான்காவது, விதிகளைச் சர்க்கார் முன்கூட்டியே வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, போதிய தவணை கொடுத்து அமுல் நடத்த வேண்டும்.

முதல் நிபந்தனை ஒன்றே போதுமென்று எவரும் நம்பி ஏமாற வேண்டாம். சாவி நம்மிடமிருப்பது பிறர் பார்ப்பதைத் தடுக்கும். பிறர் நிறுத்துவதைத் தடுக்காது. மேலும், கடிதம் கோப்பது, கணக்குப் போடுவது போன்ற வேலைகளைக் கிடங்குக் கணினியே செய்ய வேண்டுமாயின் அது விவரத்தைத் திறந்தே ஆக வேண்டும். எனவேதான் மாற்று ஏற்பாட்டை நாம் இத்தனை வற்புறுத்துகிறோம். நயாராவுக்கு அவசியமாயிருந்தது சாவியன்று, மறுவழியே. செலவு அதிகமென்று கம்பெனிகள் கூறும், உண்மைதான். இரண்டு ஏற்பாடு ஒன்றைவிட விலையுயர்ந்ததே. அதனாலேயே இப்பாரத்தைச் சிறு வியாபாரிகள்மேல் சுமத்தாமல் அத்தியாவசியத் துறைகளோடு நிறுத்த வேண்டுமென்கிறோம்.

சட்டம் வரும் வரை கைகட்டியிருக்கவும் வேண்டியதில்லை. புதுவை சர்க்காரின் கீழ் காரைக்காலும் மாஹியும் ஏனாமும் இன்றும் பட்டணத்தைவிட்டுத் தொலைவிலேயே இருக்கின்றன. அவற்றின் தஸ்தாவேஜுகள் கம்பி மூலமே தலைநகரோடு பேச வேண்டும். நமது காலேஜுகளும் கூட்டுறவு ஸ்தாபனங்களும் ஆஸ்பத்திரிகளும் ஏதேனுமொரு கிடங்குக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தே வேலை நடத்துகின்றன. அவ்வொப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, பொறுப்பில் உள்ளவர்கள் மூன்று கேள்விகளையாவது எழுத்து மூலம் கேட்கட்டும்: சாவி யாரிடம்? எந்தத் தேசத்துக் கட்டளைக்காக நீங்கள் எங்கள் சேவையை நிறுத்துவீர்கள்? நிறுத்தினால் எங்கள் விவரம் எத்தனை நாளில், எந்த வடிவில் எங்கள் கைக்கு வரும்? விடை திருப்தியாக இல்லையேல் கையெழுத்திடத் தாமதிக்கலாம். சட்டசபை அங்கத்தினரும் இதே கேள்விகளைச் சர்க்கார் இலாகாக்களைப் பற்றிச் சபையில் எழுப்பலாம்.

1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, அவர்களில் 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு வாக்களித்தபோது, புதுவையைச் சுற்றியிருந்த சாவடிகளுக்கு முடிவு பிறந்தது. நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறிற்று. நிலத்தின்மீது அன்று தீர்ந்த தொல்லை, இன்று கண்ணுக்குத் தெரியாத கம்பியின் மீது வேறு உருவில் வந்திருக்கிறது. இம்முறை வாக்குச் சீட்டு இல்லை; ஒப்பந்தப் பத்திரமே இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு சர்க்காருக்கு மட்டுமன்று, ஒவ்வொரு ஸ்தாபனத்தை நடத்துபவருக்கும் உண்டு. அப்பொறுப்பை அவர்கள் மறவாதபடி செய்வது விழிப்புள்ள பொதுஜனங்களின் கடமையாகும்.